இட்லிக் கையோடு பிரெட்: குளூட்டன் இல்லாமல் வீட்டில் பேக்கிங்

மைதா அல்வா கிண்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மைதாவைப் பிசைந்து, தண்ணீரில் ஊறவைத்து, கசக்கிக் கசக்கிப் பால் எடுப்போம். பால் முழுக்க இறங்கிய பிறகு கையில் ஒரு சக்கை மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், சைக்கிள் டியூப் மாதிரி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலைத்தான் கிண்டுவோம். அந்தச் சக்கைதான் குளூட்டன்.

கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இவை கைகோத்து வலை பின்னிக்கொள்ளும். பரோட்டா மாஸ்டர் மாவை விசிறும்போது கிழியாமல் துப்பட்டா போல விரிகிறதே, அது இந்த வலையின் வேலை. பிரெட்டில் ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதே வலைதான். அதை எடுத்துவிட்டால் காற்றைப் பிடிக்க வேறு ஆள் வேண்டும். குளூட்டன் இல்லாத பேக்கிங்கின் மொத்த வித்தையும் அந்த வேறு ஆளைத் தேடுவதில் இருக்கிறது.

என் தங்கை மகனுக்கு 6 வயதில் சீலியாக் நோய் என்று தெரிந்தது. அவனுடைய 7வது பிறந்தநாளுக்கு "பெரியம்மா, எனக்கு கேக் உண்டா?" என்று கேட்டான். உண்டு என்று வாய் சொல்லிவிட்டது. கை கற்றுக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு நிமிடம்

சீலியாக் என்பது ஒவ்வாமை அல்ல. குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். அங்கே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், நெதர்லாந்தில் பிரெட்டுக்குக் கடும் பஞ்சம். அப்போது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறி வந்ததையும், பிரெட் மீண்டும் கிடைத்ததும் பழையபடி நோயில் விழுந்ததையும் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்பது அப்படித்தான் உறுதிப்பட்டது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ சந்தேகம் இருந்தால், ரத்தப் பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் குடல் திசுப் பரிசோதனையும் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். எங்கள் வீட்டிலேயே பாட்டி வைத்தியமாக இரண்டு மாதம் சப்பாத்தியை நிறுத்திவிட்டு, பரிசோதனைக்காக மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. பையன் பட்ட பாடு தனி.

எந்த நோயும் இல்லாமல், உடம்பு இளைக்கலாம் என்று மட்டும் குளூட்டனை விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த கேக்கிலும் சர்க்கரையும் வெண்ணெயும் அதே அளவுதான். ஸ்டார்ச் இன்னும் கொஞ்சம் அதிகம்.

எது ஆகும், எது ஆகாது

ஆகாதவை: மைதா, கோதுமை மாவு, ரவை, கோதுமை சேமியா, பார்லி, ரை என்ற தானியம், மால்ட் (முளைகட்டிய பார்லி) சேர்ந்த பானங்கள். சம்பா கோதுமையும் கோதுமைதான். "நாட்டுக் கோதுமை ஒன்றும் செய்யாது", "இயற்கை விவசாயத்தில் விளைந்தது" என்று சொல்லி விற்பார்கள். சீலியாக் உள்ளவருக்கு அதுவும் ஆகாது. நீண்ட நேரம் புளிக்க வைத்த கோதுமை பிரெட்டும் ஆகாது. அல்வாவுக்கு எடுத்த பாலில் சக்கை போய்விட்டதே என்று கேட்காதீர்கள், கரைந்தது கொஞ்சம் அதில் இருக்கத்தான் செய்யும். ஓவன் சூட்டில் குளூட்டன் அழியவும் அழியாது.

ஆகிறவை நம் ஊரில் ஏராளம். அரிசி, கேழ்வரகு, கம்பு, வெள்ளைச் சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, உளுந்து, கடலை மாவு, மரவள்ளி, ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, தேங்காய், பாதாம், முந்திரி. வெளிநாட்டு சமையல் குறிப்பில் வரும் பக்வீட்டுக்கும் கீன்வாவுக்கும் அலைய வேண்டாம்.

ஓட்ஸ் தனிக்கதை. அது கோதுமையோடு கலந்தே விளைந்து, கலந்தே அரைபட்டு வருவது வழக்கம். கலப்பில்லாத ஓட்ஸும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் பெருங்காயம். டப்பாவில் வருவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். அரிசி மாவு சேர்த்தும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். காரப் பிஸ்கட்டில் நான் இதைக் கவனிக்காமல் போட்டு, ஒரு தட்டு முழுக்க எங்களுக்கே மிஞ்சியது. சோயா சாஸ், மேலே தூவும் வண்ண மிட்டாய், சில பிராண்டு பேக்கிங் பவுடர் இவற்றையும் படித்துப் பாருங்கள்.

இந்தியாவில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சீலியாக் உள்ளவருக்கு வாங்கும்போது அந்த வாசகம் இருக்கிற பாக்கெட்டையே எடுங்கள். "100 சதவீதம் கேழ்வரகு" என்பது வேறு, இது வேறு.

மாவு மில்லும் சல்லடையும்

நான் செய்த பெரிய தவறு இதுதான். கேழ்வரகை நானே வாங்கி, களைந்து, வெயிலில் காயவைத்து, தெருமுனை மில்லில் கொடுத்து அரைத்து வந்தேன். எவ்வளவு சுத்தம் என்று எனக்கே பெருமை. எனக்கு முன்னால் நின்றவர் 5 கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த எந்திரத்தின் வயிற்றில் மிஞ்சிய கோதுமை மாவு என் கேழ்வரகோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது. பையனுக்கு இரண்டு நாள் வயிற்றுவலி. எதனால் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

அதனால் மில் வேண்டாம். கொஞ்சமாக அரைக்க மிக்ஸி போதும். நிறைய வேண்டுமென்றால் வீட்டு மாவு எந்திரம் வாங்கலாம், அதில் கோதுமை நுழையவே கூடாது.

அதே வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி நடக்கிறதென்றால், இந்தப் பொருள்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: சல்லடை, மரக்கரண்டி, பூரிக்கட்டை, பலகை, டோஸ்டர். சல்லடையின் கண்ணிலும் மரத்தின் கீறலிலும் ஒட்டிய மாவை எவ்வளவு தேய்த்தாலும் முழுக்க எடுக்க முடியாது. எவர்சில்வர் பாத்திரமும் கண்ணாடிக் கிண்ணமும் நன்றாகக் கழுவினால் போதும். கேக் செய்கிற அன்று காலையில் சப்பாத்தி மாவு பிசையாதீர்கள். காற்றில் பறக்கிற மாவு ரொம்ப நேரம் கழித்துத்தான் அடங்கும், அடங்குவது உங்கள் கிண்ணத்துக்குள்ளாகவும் இருக்கலாம். வெண்ணெய் டப்பாவில் சப்பாத்திக்குப் போட்ட கத்தியையே விடுவார்கள். அதற்குத் தனி டப்பா வைத்து மூடியில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். வீட்டு ஆண்களுக்கும் புரிகிறது.

மாவைப் புரிந்துகொள்ளுங்கள்

மைதாவுக்குப் பதிலாக ஒரே மாவை அதே அளவு போட்டால் கேக் வராது. மூன்று வகை மாவு சேர வேண்டும்.

முதலாவது, உடம்பு கொடுக்கிற மாவு. அரிசி, வெள்ளைச் சோளம், கேழ்வரகு, தினை. பச்சரிசி மாவுக்குத் தனி வாசனை இல்லை, நிறம் வெள்ளை. அதனால் தொடங்குகிறவருக்கு அதுதான் நல்லது. கேழ்வரகு பிஸ்கட்டுக்கும் சாக்லேட் கேக்குக்கும் பிரமாதம். கம்பு ருசியானது, ஆனால் மாவு சீக்கிரம் சிக்கடித்துக் கசந்துவிடும். அரைத்த ஒரு வாரத்துக்குள் செலவழிக்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, மென்மை கொடுக்கிற ஸ்டார்ச். மரவள்ளி ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், கார்ன்ஃப்ளோர். ஜவ்வரிசியும் மரவள்ளி ஸ்டார்ச்சில் செய்வதுதான். வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் "சோள மாவு" என்று கேட்டால் கார்ன்ஃப்ளோர் வருமா, வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு வருமா என்பது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது. முதலாவது வழுக்குகிற வெள்ளை ஸ்டார்ச், இரண்டாவது முழுத் தானிய மாவு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் எல்லாம் கெட்டது.

மூன்றாவது, புரதமும் கொழுப்பும் உள்ளது. பாதாம் பொடி, முந்திரிப் பொடி, கொஞ்சமாகக் கடலை மாவு. கடலை மாவு அதிகமானால் கேக் பஜ்ஜி வாசனை அடிக்கும், சொல்லிவிட்டேன்.

அரிசி மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோல்வியில் பாதி இங்கேதான். மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் கேக்கும் வாயில் நெருடும். பாக்கெட்டில் வருகிற மாவு எல்லாமே நைசாக இருப்பதில்லை. அதிரசத்துக்குச் செய்வது போலப் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் கொஞ்சம் இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்து, நைஸ் சல்லடையில் சலித்துப் பாருங்கள், பட்டு போல வரும். அதிரசத்துக்கு அந்த ஈரம் வேண்டும். நமக்கு வேண்டாம், எனவே சலித்த மாவை மறுபடி தாம்பாளத்தில் பரப்பி முழுக்கக் காயவிட வேண்டும். இடியாப்ப மாவை எடுக்காதீர்கள். அது வறுத்தோ அவித்தோ பதப்படுத்தியது. தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், அளவுகள் எல்லாம் தப்பிப் போகும்.

வலைக்குப் பதில் என்ன?

இங்கே இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லியில் ஒரு துளி குளூட்டன் இல்லை. ஆனாலும் பொங்குகிறது, வெந்த பிறகும் பஞ்சு போல நிற்கிறது. உளுந்தில் இருக்கிற வழுவழுப்பான பசைப்பொருளும் புரதமும் சேர்ந்து காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அரிசி மட்டும் அரைத்து ஊற்றினால் இட்லி வராது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பேக்கிங்கிலும் அதே கணக்குதான், வழுவழுப்பு எங்கிருந்தாவது வர வேண்டும்.

பிரெட்டுக்கு நான் நம்புவது இசப்கோல் உமி. ஆமாம், மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குகிற அதேதான். வாசனையோ சர்க்கரையோ சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் கெட்டிக் கூழாகிவிடும். கையால் உருட்டிப் பிடிக்கிற அளவுக்கு மாவு நிற்பது இதனால்தான். எடைக்கு 100 கிராம் மாவுக்கு 5 முதல் 6 கிராம் போதும். தூளாக அரைத்தது என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைக்க வேண்டும். சில இசப்கோல் தூளில் பிரெட் லேசாக ஊதா நிறத்துக்குப் போகும். கெட்டுப்போனது இல்லை, சாப்பிடலாம்.

கேக்குக்கு சாந்தன் கம். ஒரு வகை பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிற பசைத்தூள் இது. ஒரு கப் மாவுக்கு கால் டீஸ்பூன் போதும். கை தவறினால் கேக் வழுவழுவென்று ரப்பராகிவிடும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற குவார் கம்மும் கிடைக்கிறது, அதுவும் ஆகும். முட்டை சேர்த்த கேக்கில் முட்டையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிஸ்கட்டுக்குப் பசையே வேண்டாம், நொறுங்குவதுதான் அதற்கு அழகு.

தராசு

கப்பை மறந்துவிடுங்கள். ஒரு கப் கேழ்வரகு மாவும் ஒரு கப் ஸ்டார்ச்சும் ஒரே எடை இல்லை. அழுத்தி அள்ளினால் ஒன்று, தூவி அள்ளினால் ஒன்று. மைதா இதை மன்னிக்கும், அரிசி மாவு மன்னிக்காது. டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். ஓடிஜியின் (வீட்டில் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) குமிழில் எழுதியிருக்கிற வெப்பநிலையை நம்பாமல் உள்ளே தொங்கவிடுகிற சின்ன ஓவன் தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். என் ஓடிஜியில் 180 என்றால் உள்ளே 160 தான்.

முதல் படி: கேழ்வரகுப் பிஸ்கட்

தோல்வி வராத இடத்தில் தொடங்குவோம். கேழ்வரகு மாவு 100 கிராம், அரிசி மாவு 40 கிராம், வெண்ணெய் 90 கிராம், நாட்டுச் சர்க்கரை 70 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி, பால் 1 அல்லது 2 டேபிள்ஸ்பூன்.

கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் 5, 6 நிமிடம் வறுங்கள். பச்சை வாசனை போய்ப் புட்டு வாசனை வரும்போது இறக்கி முழுக்க ஆறவிடுங்கள். சூடாகப் போட்டால் வெண்ணெய் உருகி எல்லாம் எண்ணெயாகும். அறைச் சூட்டில் இளகிய வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் நுரைக்கத் தேய்த்து, மாவுகளைச் சலித்துச் சேர்த்து, பிடித்தால் பிடிபடும் பதத்துக்குப் பால் தெளியுங்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்ச அந்த நேரம் வேண்டும். நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, பட்டர் பேப்பர் போட்ட தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 165 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். சுமார் 20 பிஸ்கட் வரும்.

கேழ்வரகு ஏற்கெனவே கறுப்பு. பொன்னிறமானதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஓரம் விறைப்பாகத் தெரிந்து, வீடு முழுக்க வாசனை வந்ததும் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். தொடாதீர்கள், உடையும். ஆறியதும் இறுகிவிடும்.

இரண்டாவது: பிறந்தநாள் கேக்

7 அங்குல வட்ட டின்னுக்கு: நைஸ் அரிசி மாவு 120 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 40 கிராம், பாதாம் பொடி 40 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 3, கெட்டித் தயிர் 120 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 90 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், சாந்தன் கம் அரை டீஸ்பூன், உப்பு, வெனிலா.

முட்டையும் தயிரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்துக் கெட்டியாகும்வரை நன்றாக அடியுங்கள்; பீட்டர் இருந்தால் 5 நிமிடம். எண்ணெயை நூலாக ஊற்றிக்கொண்டே அடித்து, தயிர், வெனிலா சேர்த்துக் கலக்குங்கள். பேக்கிங் பவுடர், சோடா தவிர மற்ற எல்லாவற்றையும் சலித்துச் சேர்த்து, கட்டி இல்லாமல் கரைத்து மூடி 20 நிமிடம் வையுங்கள்.

இந்த 20 நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை. அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஊறாமல் ஓவனில் வைத்தால் கேக் மணல் மணலாக இருக்கும். ரவா தோசை மாவை உடனே ஊற்றுவதற்கும் ஊறவைத்து ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியுமில்லையா, அதுதான். ஊறிய பிறகு பேக்கிங் பவுடரையும் சோடாவையும் ஒரு ஸ்பூன் தயிரில் குழைத்துச் சேர்த்து, ஒரே பக்கமாக நாலு சுற்றுச் சுற்றி, உடனே டின்னில் ஊற்றுங்கள்.

மைதா கேக்கில் "அதிகமாகக் கலக்காதே, இறுகிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். இங்கே இறுகக் குளூட்டன் இல்லை, மாவைச் சேர்த்த பிறகு தாராளமாகக் கலக்கலாம். நமக்குக் கிடைக்கிற ஒரே சலுகை இது.

170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். நடுவில் குச்சி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். டின்னிலேயே 10 நிமிடம் ஆறவிட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்துங்கள். ஓவன் இல்லாதவர்கள் அடி கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன்மேல் வளையம் வைத்து, 10 நிமிடம் சூடேற்றி, டின்னை வைத்து மூடிச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வைக்கலாம். மேல்பக்கம் வெளுப்பாக இருக்கும், ருசியில் குறை இல்லை. குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் இருக்கக் கூடாது.

முட்டை சேர்க்காதவர்கள் இந்தக் குறிப்பில் முட்டையை மட்டும் எடுத்துவிட்டு முயல வேண்டாம், அது வேறு கேக். அரைத்த ஆளி விதை, மசித்த வாழைப்பழம், மோர் என்று அளவுகள் எல்லாமே மாறும். முதலில் பிஸ்கட்டில் கை பழகட்டும்.

மூன்றாவது: பிரெட்

இதற்கு வரும்போது பலர் பழைய பழக்கத்தில் மாவைப் போட்டுப் பிசைந்து பிசைந்து மூச்சு வாங்குவார்கள். பிசைவது வலை பின்னத்தான். வலையே இல்லாதபோது எதற்கு? மாவு ஒன்றுசேர்ந்தால் போதும். பதமும் சப்பாத்தி மாவு போல இருக்காது. கெட்டி வடை மாவுக்கும் கொழுக்கட்டை மாவுக்கும் நடுவில் ஒட்டுகிற பதம். "தண்ணீர் அதிகமாகிவிட்டதோ" என்று பயந்து மாவைச் சேர்த்தீர்களானால் செங்கல்தான் கிடைக்கும். என் முதல் நான்கு பிரெட்டும் அப்படித்தான்.

8 அங்குல நீள டின்னுக்கு: அரிசி மாவு 180 கிராம், வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு 70 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 380 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 6 கிராம், எண்ணெய் 25 மில்லி, வினிகர் 1 டீஸ்பூன்.

தண்ணீரில் 80 மில்லியைத் தனியாக எடுத்து அதில் ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் கலந்து 10 நிமிடம் வையுங்கள். நுரைக்கவில்லை என்றால் ஈஸ்ட் செத்துவிட்டது, மேற்கொண்டு மாவை வீணாக்காதீர்கள். மீதித் தண்ணீரில் இசப்கோலைத் தூவிக்கொண்டே விஸ்க்கால் அடியுங்கள்; தூவாமல் கொட்டினால் கட்டி கட்டியாகும். 3, 4 நிமிடத்தில் கூழாகும். மாவுகளையும் உப்பையும் கலந்து, அதில் கூழ், ஈஸ்ட் தண்ணீர், எண்ணெய், வினிகர் எல்லாவற்றையும் ஊற்றி, இசப்கோல் எங்கும் பரவும்வரை கையாலேயே நன்றாகக் கசக்குங்கள். கூழின் திட்டு ஒன்று மிஞ்சினாலும் பிரெட்டில் வெள்ளைப் பிசினாகத் தெரியும்.

எண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போட்ட டின்னில் மாவை வைத்து, ஈரக் கையால் மேலே வழித்து மழமழப்பாக்குங்கள். ஈரத்துணியால் மூடி ஒரே ஒரு முறை பொங்கவிடுங்கள். மைதா பிரெட் போல அமுக்கி இரண்டாம் முறை பொங்க வைக்க முயன்றால், போன காற்று இங்கே திரும்பி வராது. சித்திரை வெயிலில் 30, 35 நிமிடம் போதும். மார்கழியில் ஒரு மணி நேரமும் ஆகலாம். கடிகாரத்தை விட்டு டின்னைப் பாருங்கள். மாவு டின் விளிம்பைத் தொடும்போது ஓவனுக்குள் போய்விட வேண்டும். இன்னும் பொங்கட்டும் என்று ஆசைப்பட்டால் ஓவனுக்குள் நடுவில் குழி விழும். புளிப்பு மீறிய மாவில் இட்லி தட்டையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

200 டிகிரியில் 60 நிமிடம். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாள் போட்டு மூடலாம். வெந்ததா என்று அறிய அடியில் தட்டிக் கேட்பதெல்லாம் இங்கே ஏமாற்றும். இறைச்சிக்கு விற்கிற குத்தூசித் தெர்மாமீட்டரை நடுவில் விட்டால் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும். அது இல்லையென்றால் டின்னிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் வெறுமனே வைத்து இன்னும் 5 நிமிடம் ஓவனில் விடுங்கள்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை: 2 மணி நேரம் சும்மா இருப்பது. சூட்டோடு வெட்டினால் உள்ளே களி மாதிரி இருக்கும், வேகவில்லை என்று நினைத்துக் குப்பையில் போடுவீர்கள். நான் போட்டிருக்கிறேன். ஆறும்போதுதான் ஸ்டார்ச் இறுகித் துண்டு நிற்கும். வாசனைக்கு மயங்காமல் இருக்க நான் அந்த நேரத்தில் கடைக்குப் போய்விடுவேன்.

சரியாக வராவிட்டால்

உள்ளே பிசுபிசுப்பாக இருந்தால்: சூடாக வெட்டியிருப்பீர்கள், அல்லது ஓவன் வெப்பம் குறைவு. தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

அடியில் ஒரு அங்குலத்துக்கு ரப்பர் மாதிரி கெட்டியான அடுக்கு இருந்தால், மாவுகள் சரியாகக் கலக்கவில்லை. அல்லது அடிச்சூடு போதவில்லை. டின்னை ஒரு தட்டு கீழே இறக்கி வையுங்கள்.

துண்டு உதிர்ந்தால் இசப்கோலை 2 கிராம் கூட்டி, தண்ணீரையும் 20 மில்லி கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிற இடம் இது ஒன்றுதான். மற்றபடி ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். நான் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

எடுத்து வைப்பது

பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைத்துப் போகிறதே, அதே விதி அரிசி பிரெட்டுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால்தான் சீக்கிரம் விறைக்கும். வெளியே மூடி வைத்தால் அன்று மாலைவரை நன்றாக இருக்கும், மறுநாள் டோஸ்ட் செய்துதான் சாப்பிட வேண்டும். எனவே ஆறியதும் முழுவதையும் துண்டு போட்டு, துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் தாங்கும். பள்ளிக்கூட நாளில் காலையில் இரண்டு துண்டை எடுத்து நேராகத் தோசைக் கல்லில், சிறு தீயில், நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க விட்டால் புதுசு மாதிரியே இருக்கும். அந்தத் தோசைக் கல்லில் முந்தின நாள் ரவா தோசையோ சப்பாத்தியோ போட்டிருக்கக் கூடாது.

குழி விழுந்த பிரெட், உதிர்ந்த கேக், ஓரம் கருகிய துண்டு எதையும் எறியாதீர்கள். பிரெட்டை 120 டிகிரியில் மொறுமொறுவென்று காயவைத்து மிக்ஸியில் பொடித்தால் கட்லெட்டுக்குப் புரட்ட குளூட்டன் இல்லாத பிரெட் தூள் தயார். கடையில் அது லேசில் கிடைக்காது. உதிர்ந்த கேக்கில் கொஞ்சம் தயிரும் வாழைப்பழமும் அடுக்கி டம்ளரில் கொடுத்தால், பையன் இன்னொரு டம்ளர் கேட்பான்.